பேன் பார்த்த விரல்

போன மாதம் கடையின் ஷட்டரை இழுத்து இறக்கும்போது என் வலது கை நடுவிரல் மாட்டிச் சுளுக்கிக்கொண்டது. அறுபத்தெட்டு வயதில் ஷட்டரை நீங்களேதான் இறக்க வேண்டுமா என்று மகள் சத்தம் போட்டாள். ஒன்பது பெண்கள் மெசினில் உட்கார்ந்து தைக்கிற கடை, இறக்குவதற்கு ஆளா இல்லை? ஆனால் அந்த ஷட்டரை முதல் நாள் தூக்கியவள் நான். தூக்கியவள்தான் இறக்க வேண்டும். கண்டி டவுனில் பள்ளிக்கூட யூனிஃபோம் தைக்க எனக்கு முன்னால் கடை போட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் போர்டு எதுவும் இன்று இல்லை. என் போர்டு இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதிய அளவுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் இன்றைக்கும் ஒன்பது பேரும் துணி வெட்டுகிறார்கள். இதை நானே சொன்னால்தான் உண்டு, அதனால் சொல்லிவிடுகிறேன்.

மகள் விடவில்லை. தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இளம் பெண் டாக்டர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எலும்புக்கு ஒன்றுமில்லை, மூட்டுதான் பிசகியிருக்கிறது என்றார். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். நடுவிரலையும் அதன் பக்கத்து விரலையும் சேர்த்து பிளாஸ்டர் ஒட்டினார். இரண்டு நாள் ஐஸ் வையுங்கள், கையைத் தொங்கவிடாதீர்கள், அப்புறம் மெதுவாக மடக்கிப் பழகுங்கள், பயந்துகொண்டு அப்படியே வைத்திருந்தால் விறைத்துப் போகும் என்று வரிசையாகச் சொன்னார். எனக்கே சொல்கிறீர்களா டாக்டர், ஒன்பது வயதிலேயே சுளுக்குக்கு வைத்தியம் பார்த்தவள் நான் என்றேன். அவர் சிரித்தார்.

அதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. உள்ளே போனவுடன், "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார். ஷட்டர் என்றேன். தலையாட்டிவிட்டு, மகளைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார். கதவு சாத்தியதும் குரலைத் தாழ்த்தி அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார். "உண்மையாவே ஷட்டர்தானாம்மா? யாரும் கையப் புடிச்சு இழுக்கலயே?" எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. என் மகளா, என் கையையா! ஆனால் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், மஹய்யாவ ஏற்றம் ஏறி முடிகிறவரை, நான் வாயைத் திறக்கவில்லை. வலிக்கிறது என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கேள்வியை எங்கள் அம்மாவிடம் யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

நாங்கள் அப்போது ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறை வீடுகள், எங்களுடையது கடைசிக் காம்பரா. எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே காய்ச்சல் வந்து அப்பா போய்விட்டார். அம்மாவும் நானும்தான். அம்மாவுக்கு அப்போது இருபத்தாறோ இருபத்தேழோ இருக்கும். அந்த வயதில் என் பேத்தி இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு நாள் சாயந்தரம் அம்மா கொழுந்து கிள்ளுகிற மலையிலிருந்து வந்தபோது வலது கை ஆள்காட்டி விரல் கறிமிளகாய் மாதிரி வீங்கியிருந்தது. நடு மூட்டில் கறுப்பும் நீலமுமாக இரத்தம் கட்டியிருந்தது. கூடைக் கயிறு சுற்றி இழுத்துவிட்டது என்றாள். பக்கத்துக் காம்பரா அத்தை எட்டிப் பார்த்தாள். எங்கள் லயத்தில் நாக்கு நீளமானவள் அவள்தான். ஆனால் அன்றைக்கு விரலைப் பார்த்தாள், அம்மா முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் போய் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து தந்தாள். கயிறு எப்படிச் சுற்றியது என்று அம்மா இன்னொரு தடவை எனக்கு விளக்கிச் சொன்னாள். நான் கேட்கவே இல்லை.

கயிறு இல்லை, மலையில் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. அத்தை இதை என்னிடம் சொன்னது எனக்கு முப்பத்திரண்டு வயதான பிறகு. கூடையைச் சரி பண்ணுகிற சாக்கில் கையைப் பிடித்தானாம். அம்மா கையை இழுத்துக்கொண்டாளாம். கை வந்துவிட்டது, விரலை மட்டும் அவன் விடவில்லையாம். அது முதல் நாளும் இல்லையாம்.

அவனை 'அவன்' என்று சொல்லவே எனக்கு அத்தனை வருடம் ஆனது. சின்னதில் அவன் எனக்கு மாமா. அம்மாதான் அப்படிக் கூப்பிடச் சொல்லிக் கொடுத்தாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் கங்காணி ஐயா என்றுதான் சொல்லும். நான் மட்டும் மாமா. அம்மா அவனை அண்ணே என்பாள், அதுவும் நாலு பேர் முன்னால் என்றால் கொஞ்சம் உரத்தே சொல்வாள். ஒரு நாள் அவன், "யாருக்குடி நான் அண்ணன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். "எனக்குத்தாண்ணே, கூடப் பொறந்தவன் இல்லாதவளுக்கு வேற யாரு?" என்றாள் அம்மா. கூட நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எங்களுக்குப் பெரிய இடத்தில் சொந்தம் இருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

துரையிடம் போய்ச் சொல்லக் கூடாதா என்று இப்போதுள்ளவர்கள் கேட்பார்கள். துரையைப் பார்க்கக் கணக்கப்பிள்ளை விட வேண்டும். கணக்கப்பிள்ளையிடம் பேசக் கங்காணி கூட்டிக்கொண்டு போக வேண்டும். தோட்டத்தை விட்டுப் போகலாம் என்றால், பேரை வெட்டியவுடன் காம்பராவையும் விட வேண்டும். ஒன்பது வயதுப் பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே போய் நிற்பது?

பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால்தான் கொழுந்து கிள்ள முடியும். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு வெள்ளைக் களிம்பைத் தடவி, வேலைக்கு ஆகாது, லேசு வேலை கொடுக்கவும் என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளை மடுவத்து ஆயாவுக்குக் கண் மங்கிப்போயிருந்தது, கூட ஓர் ஆள் தேவைப்பட்டது. அதனால் அம்மாவை அங்கே போட்டார்கள். மலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. ஒரு நீளமான கட்டடம், உத்திரத்தில் வரிசையாகத் துணித் தொட்டில்கள். கங்காணிக்கு அங்கே வேலையில்லை.

களிம்பால் வீக்கம் வடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கீழே சிங்களக் கிராமத்திலிருந்த வெதமாத்தயாவிடம் போனாள். முறிவு, சுளுக்கு என்றால் அந்தப் பக்கத்துக்கே அவர்தான் வைத்தியர். தேயிலை முடிந்து, மிளகுக் கொடி படர்ந்த தோட்டங்களுக்குள் இறங்கி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், குட்டையான ஆள், அரையும் குறையுமாகத் தமிழ் பேசுவார். அம்மா உட்காருவதற்கு முன்னாலேயே கயிற்றுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். விரலை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்தார். எப்படி நடந்தது என்று கேட்கவே இல்லை. நல்ல வைத்தியருக்குக் கேட்காமலே தெரியும் என்று நான் ஆச்சரியப்பட்டேன். அதில் ஒன்றும் தப்பில்லை.

சட்டென்று ஓர் இழுப்பு இழுத்தார். அம்மா உதட்டைக் கடித்தாள், சத்தம் வரவில்லை. ஏதோ இலைகளை அரைத்துச் சூடாக்கிப் பத்துப் போட்டு, இரண்டு பக்கமும் மூங்கில் சிம்பு வைத்து, வெள்ளைத் துணியால் இறுக்கமில்லாமல் சுற்றிக் கட்டினார். ஒரு குப்பி எண்ணெயை எடுத்து, அம்மாவிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். காலையில் பத்துச் சொட்டு, சாயந்தரம் பத்துச் சொட்டு, கட்டின் மேலேயே ஊற்ற வேண்டும், தண்ணீர் படக் கூடாது, மூன்று கிழமை, அதாவது இருபத்தோரு நாள். "நீதான் பொடி டொக்டர்" என்று என் தலையில் தட்டினார். சின்ன டாக்டர் என்று அர்த்தம்.

அவ்வளவுதான். அன்று ஏறிய தலைக்கனம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

இருபத்தோரு நாளும் ஒரு வேளை தவறவில்லை. சொட்டுகளை வாய்விட்டு எண்ணி ஊற்றுவேன். பதினொன்றாவது சொட்டு விழுந்தால் அடுத்த வேளையில் ஒன்று குறைப்பேன். அம்மாவைச் சோறு பிசைய விடமாட்டேன், நான்தான் ஊட்டுவேன். மலை ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியில் தண்ணீர் பிடிக்க விடமாட்டேன். விறகு பொறுக்கினேன், ரொட்டி சுடக்கூடக் கற்றுக்கொண்டேன். லயத்தில் எந்த வாசலில் நின்றாலும் என் பேச்சு அம்மா விரலைப் பற்றித்தான். இன்றைக்கு இவ்வளவு வீக்கம் வடிந்திருக்கிறது, இன்றைக்குக் கறுப்பு பச்சையாகியிருக்கிறது, நாளைக்கு மஞ்சளாகும். யாருக்காவது கால் பிசகினால் என்னிடம் வரச் சொல்லுங்கள் என்றும் சொல்லி வைத்தேன். அத்தை என்னைக் கண்டால், "வாங்க டாக்டரம்மா, நாடி புடிச்சுப் பாருங்க" என்று கையை நீட்டுவாள்.

அந்த நாட்களில் அம்மாவும் மாறிப்போனாள். பள்ளிக்கூடம் விட்டு நான் நேரே பிள்ளை மடுவத்துக்குத்தான் போவேன். ஒரு தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டு, மடியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, இன்னொன்றுக்கு இடது கையால் பால் புகட்டிக்கொண்டு இருப்பாள். பாடுவாள். அம்மாவுக்குப் பாட வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சாயந்தரம் பசிக்குது பாப்பா என்று கேட்டுச் சாப்பிட்டாள். அதற்கு முன்னால், மலையிலிருந்து வந்தால் சோற்றைக் கிண்டிவிட்டு எனக்கே தள்ளிவிடுவாள். எல்லாம் என் எண்ணெயின் குணம் என்று நான் முடிவு கட்டினேன்.

மூன்றாவது ஞாயிறு வெதமாத்தயா கட்டை அவிழ்த்தார். விரல் ஊறிச் சுருங்கி வெளுத்துப் போயிருந்தது, ஆனால் நேராக இருந்தது. மடக்கச் சொன்னார். மடங்கியது. பெருவிரலைத் தொடச் சொன்னார். தொட்டது. நான் கைதட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்தபடி, "திருப்பிக் கட்டி விடுங்க ஐயா" என்றாள்.

அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். அப்புறம் எழுந்து போய்ப் புதுத் துணி கொண்டுவந்து, அதே மூங்கில் சிம்புகளை வைத்துச் சுற்றினார். இந்தத் தடவை இலையும் இல்லை, பத்தும் இல்லை. என் குப்பியையும் நிரப்பிக் கொடுத்தார். வழியில் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். வெறும் தேங்காய் எண்ணெய் வாசம். பழைய எண்ணெய்க்கு மூக்கைத் துளைக்கிற கசப்பு வாசம் இருக்கும். வைத்தியர் நம்மை ஏமாற்றிவிட்டார் அம்மா, திரும்பிப் போய்க் கேட்போம் என்றேன். "பேசாம நட பாப்பா" என்றாள். கொஞ்ச தூரம் போய் நின்று, என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "வெரலு தேறின சங்கதி ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றாள். ஏன் என்று கேட்டேன். "இன்னும் உள்ளுக்குள்ள வலிக்குது" என்றாள். நான் அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

டிஸ்பென்சரியில் கட்டைப் பார்த்தார்கள், அவிழ்த்துப் பார்க்கவில்லை. இன்னொரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அப்படியே நாலு கிழமை, ஐந்து கிழமை ஓடியது. இப்போது கங்காணி பிள்ளை மடுவத்து வாசலுக்கு வர ஆரம்பித்தான். உள்ளே வரமாட்டான், வாசல் நிலையில் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்பான். "இன்னும் எத்தன நாளைக்குத் தொட்டில ஆட்டுற?" என்பான். "வீக்கம் வடியலீங்கண்ணே" என்பாள் அம்மா. சொல்லும்போதே ஒரு பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்வாள், அது அழாவிட்டாலும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா காம்பராக் கதவைச் சாத்திவிட்டு, வெளிச்சத்துக்காக மேல் ஜன்னலைத் திறந்து வைத்து எனக்குப் பேன் பார்ப்பாள். அப்போது கட்டுத் துணியைச் சிம்போடு அப்படியே உருவி மடியில் வைத்துக்கொள்வாள். இரண்டு விரலாலும் முடியைப் பிரித்து, பேனைப் பிடித்து, நகத்தில் வைத்து டக் டக்கென்று நசுக்குவாள். ஈரைக்கூட விடமாட்டாள். கொழுந்து கிள்ளுகிற விரல் அல்லவா, அதற்கு எதுவும் தப்பாது. நான் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு உள்ளே பொங்கும். இத்தனை நன்றாக வேலை செய்கிற விரலைத் துணிக்குள் மூடி வைத்தால் அதைத் தேற்றியவளுக்கு என்ன மரியாதை?

மரியாதை ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. ஐந்து கிழமையாகியும் தேறாத விரலைப் பார்த்து லயமே என்னைக் கேலி செய்தது. டாக்டரம்மா என்று கூப்பிட்ட அத்தைகூட இப்போது கையை நீட்டுவதில்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் தாய்மார் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். ஐந்தாறு பேர் மடுவத்துக்கு முன்னால் கூடையைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா உள்ளே இருந்தாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். கங்காணி வாசலில் நின்றான்.

"வாடி டாக்டரே" என்றாள் அந்தப் பெண்களில் ஒருத்தி. "ஒன் எண்ணெய ஊத்துனா வெரலு தேறுமா, இல்ல வேர் விட்டு மொளைக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்தான். "அந்த எண்ணெய வேற யாருக்கும் ஊத்திப்புடாத புள்ள. இருக்கிற ஆளும் மலைக்கு வராமப் போயிரும்" என்றான்.

என் காது சூடானது. சத்தியம் நினைவுக்கு வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வந்தது. அதைவிடப் பெரிதாக என் பேர் வந்து முன்னால் நின்றது.

"எங்கம்மாவுக்கு எப்பவோ சொகமாயிருச்சு!" என்று கத்தினேன். "இருவத்தோரு நாள்லயே நான் சொகமாக்கிட்டேன். வெதமாத்தயாவே எனக்குக் கை குடுத்தாரு. வேணும்னா கேட்டுப் பாருங்க மாமா. முந்தாநேத்துக்கூட அந்த வெரலாலதான் எனக்குப் பேன் பாத்தாங்க. பதினேழு பேன்!"

பதினேழு பேன் என்றவுடன் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கங்காணியின் சிரிப்பு நின்றுவிட்டது. "பதினேழா?" என்றான். கம்பை வாசலுக்குள் நீட்டி அம்மாவைப் பார்த்து ஆட்டினான். அம்மா பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். அதற்குள் மற்றவர்களின் சிரிப்பும் அடங்கிவிட்டது.

"அவுத்துக் காட்டு, பாப்பம்."

அம்மா அசையவில்லை. நான் அசைந்தேன். ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து, முடிச்சை என் பல்லால் கடித்து அவிழ்த்து, துணியைச் சுற்றிச் சுற்றி எடுத்தேன். மூங்கில் சிம்பு இரண்டும் கீழே விழுந்தன. கடையில் புதுச் சட்டையை விரித்துக் காட்டுகிற மாதிரி அந்தக் கையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன். "மடக்கிக் காட்டும்மா" என்றேன். என் உள்ளங்கையில் அந்தக் கை ஐஸ் மாதிரி கிடந்தது. கடைசியில் அம்மா விரலை மடக்கினாள்.

"கெட்டிக்கார டாக்டருதான்" என்றான் கங்காணி. சட்டைப் பையிலிருந்து ஒரு டொஃபி எடுத்து எனக்குக் கொடுத்தான். அம்மாவிடம், "நாளைக்கு மலைக்கு வந்துரு, தங்கச்சி" என்றான்.

அவன் அம்மாவைத் தங்கச்சி என்று சொன்னது அன்றைக்கு மட்டும்தான். பார்த்தாயா, சொந்தம் என்று ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன். டொஃபியை அங்கேயே நின்று தின்றேன். இஞ்சி டொஃபி.

சாயந்தரம் அடி விழும் என்று காத்திருந்தேன். சத்தியத்தை உடைத்தவளுக்கு அடி விழுவது நியாயம்தானே. அம்மா அடிக்கவில்லை. ஏசவுமில்லை. சோறு போட்டுக் கொடுத்தாள். அவள் சாப்பிடவில்லை. காலையில் தலையில் சாக்குக் கட்டி, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.

பத்து நாள் போனாள். மலையிலிருந்து வந்ததும் காம்பராவுக்குள் வராமல் நேரே பீலிக்குப் போவாள். குளிர் தண்ணீரைத் தலையில் விட்டுக்கொண்டு, உதடு நீலமாகிறவரை நிற்பாள். போதும் வாம்மா என்று நான் போய்க் கையைப் பிடித்தால் திடுக்கிட்டு உதறுவாள். அப்புறம் நான் என்று தெரிந்து, ஒன்றுமில்லை பாப்பா என்பாள். பாட்டு நின்றுவிட்டது. அந்த ஞாயிறு என் தலையையும் அவள் தொடவில்லை.

பதினோராம் நாள் விடிந்ததும் நான் பீலியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். காலைப் பிரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடத் தப்பு அடித்தாயிற்று. ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் காம்பராக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கனத்த பலகைக் கதவு, சாத்தினால் லயம் முழுக்கக் கேட்கும். கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை கேட்டது. மூன்றாவது தடவையும் கேட்டது. காற்றுக்கு அடிக்கிறதாக்கும் என்று நினைத்தேன். அன்று காற்றே இல்லை.

நான் போனபோது அம்மா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள். அதே விரல். கதவு நிலையில், கீல் இருக்கிற பக்கத்தில், இரத்தம் இருந்தது.

"கதவு சாத்துறப்ப மாட்டிக்கிச்சு" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏசினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி ஏசினேன். நான் எவ்வளவு கஷ்டப்பட்டுத் தேற்றிய விரல், கொஞ்சமாவது கவனம் இருக்க வேண்டாமா, இதற்குத்தானா இருபத்தோரு நாள் எண்ணி எண்ணி ஊற்றினேன் என்று கத்தினேன். அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். அத்தைதான் ஓடிவந்து என் முதுகில் ஒன்று போட்டாள். இழுத்து வெளியே தள்ளிவிட்டு, தன் சேலை முந்தானையைக் கிழித்து அம்மா விரலில் சுற்றினாள். அத்தை என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அம்மா வெதமாத்தயாவிடம்தான் போனாள். இந்தத் தடவை அவள் எந்தக் கதையும் சொல்லவில்லை. அவரும் என்னைப் பார்த்து டொக்டர் என்று சொல்லவில்லை. விரலைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ சிங்களத்தில் முணுமுணுத்தார். மூட்டு நொறுங்கிப்போச்சு, எலும்பு ஒட்டும், ஆனால் மடங்காது என்று கடைசியில் தமிழில் சொன்னார்.

"கொழுந்து கிள்ள முடியாதுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"முடியாது. இனி எந்த நாளும் முடியாது."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்கப்புறம் துண்டுக் கடுதாசி தேவைப்படவில்லை. பிள்ளை மடுவத்து வேலையை அம்மாவுக்கே நிரந்தரமாகக் கொடுத்தார்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு தலைமுறையே அவள் கையில் வளர்ந்தது. நான் பன்னிரண்டு வயதில் கண்டிக்கு வீட்டு வேலைக்கு வந்தேன். அந்த வீட்டு அம்மா தைப்பதைப் பார்த்துப் பார்த்தே தையல் பழகினேன், ஒரு மெசினை ஒன்பதாக்கினேன், அம்மாவைக் கூட்டிவந்து என் வீட்டில் கதிரை போட்டு உட்கார வைத்தேன். சாகிறவரை அந்த விரல் யாரையோ சுட்டிக்காட்டுகிற மாதிரி நீட்டியபடியே இருந்தது. என் பிள்ளைகளுக்குப் பேன் பார்க்க அவள் உட்கார்ந்ததே இல்லை. கடைசிவரை அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி அவள் பேசவுமில்லை, நான் கேட்கவுமில்லை. அத்தை சொல்லித் தெரிந்துகொண்ட பிறகும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் வாய் நீளம் எனக்கு. அவள் முன்னால் மட்டும் அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

வெதமாத்தயா வீட்டிலிருந்து திரும்பி ஏறியதைச் சொல்ல வேண்டும். வழியில் ஒரு கொய்யா மரம். அம்மா இடது கையால் எட்டி ஒரு காயைப் பறித்து எனக்குக் கொடுத்தாள். நான் வாங்கவில்லை. எனக்குத் துக்கம். வெதமாத்தயா எனக்கு எண்ணெய்க் குப்பி தரவில்லை. கேட்டும் தரவில்லை.

"நான் அந்தப் பழைய எண்ணெயவே ஊத்துறேம்மா" என்றேன். "இந்தத் தடவ நாப்பது நாள் ஊத்துறேன். ஒரு சொட்டுக்கூடத் தப்பாது. முன்ன மாதிரியே சொகமாக்கிருவேன்."

அம்மா நின்றாள். என்னைப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. பிள்ளை மடுவத்தில் பாடும்போது இருந்த முகம் அது.

"வேணாம் பாப்பா" என்றாள். "இது தேறாது. இனிமே தேறவே தேறாது."

யாருக்கோ நல்ல சேதி சொல்கிற மாதிரிச் சொன்னாள். சொல்லிவிட்டு, அந்தக் கொய்யாக்காயைத் தானே கடித்துத் தின்றுகொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். என் கைராசியில் அம்மாவுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று நான் மேடு ஏறி முடிகிறவரை அழுதுகொண்டே போனேன்.